சாப்பாட்டு பிகில்

படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தணிகாசலம் ஏழு தப்பு கண்டுபிடித்துவிட்டார். "முடியப் பாரு, முடிய! காலர் மேல பொரளுது. எந்த சுபேதாரு இவன உள்ள வுட்டான்?" என்றார். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. இடது காது எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையிலேயே போய்விட்டது, வலது காதும் அப்போதிலிருந்தே அரைகுறை, அதனால் அவர் ரகசியம் பேசினால் திரைக்குக் கீழே தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடக் கேட்கும். கொட்டகை கொல்லென்று சிரித்தது. "தொப்பியும் தப்பு, அவில்தாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. டீக்கடை பலராமன், அவரும் பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர்தான். அணைப்பேட்டையே அப்படிப்பட்ட ஊர். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளம் போய்வந்த ஊர். இங்கே ராஜேஸ்வரி டாக்கீசில் சண்டைப் படம் போட்டால் யாரும் விசிலடிக்கமாட்டார்கள், தப்புப் பிடிப்பார்கள், அதற்கென்றே இஸ்திரி போட்ட சட்டையும் பாலீஷ் போட்ட பூட்சுமாகக் கிளம்பி வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சுலோசனாவுக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. மனுஷன் இன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் பாரேன், மீசையில் எண்ணெய் தொட்டு முறுக்கிக்கொண்டு, ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் முதுகை நாற்காலியில் சாய்க்காமல். இவரிடம் போய் எப்படிச் சொல்வது. சொன்னால்தான் இவர் காதோடு போகுமா, கத்திச் சொல்ல வேண்டும், கத்திச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. கல்யாணமாகி இத்தனை காலத்தில் புருஷனிடம் ஒரு ரகசியம் சொல்லக் கொடுத்துவைக்காதவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவருடைய வலது காது பக்கம் அவள், அவளுக்கு அந்தப் பக்கம் மகள் ஜெயக்கொடி. நடுவில் அவள். பதினோரு நாளாக இப்படித்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

பதினோரு நாளா? புதன், வியாழன், வெள்ளி என்று விரலை மடக்கினாள், எத்தனை தடவை மடக்கினாலும் பதினொன்றுதான் வந்தது. அந்தப் புதன்கிழமை தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்த கையோடு வாசலுக்குப் போனாள். போஸ்ட்மேன் தேவநேசன் ரிஜிஸ்தர் தபாலோடு நின்றிருந்தான், சிங்க முத்திரை போட்ட பழுப்பு உறை. கையெழுத்துப் போட்ட இடத்தில் மாவு அப்பிக்கொண்டது. இங்கிலீஷ் என்பதால் அவனையே பிரித்துப் படிக்கச் சொன்னாள். "அக்கா, பாப்பாவுக்கு இடம் கெடச்சாச்சி! பூனா பட்டாளத்து ஆஸ்பத்திரியில நர்சு படிப்பு. இருபத்தொண்ணாந்தேதி காலைல அங்க இருக்கணுமாம். படிச்சி முடிச்சா ஆபீசருக்கா, அப்பறம் நம்ம அவில்தாரே பொண்ணுக்கு சல்யூட் அடிக்கணும்" என்று அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நானே சொல்லிக்கிறேன், நீ எங்கயும் வாய வுட்றாத தேவநேசா" என்றாள். சாயங்காலம் சொல்வதாகத்தான் இருந்தாள், சத்தியமாக. உறையைக் கொண்டுபோய் அவருடைய கறுப்பு இரும்புப் பெட்டியில், பேரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய அந்தப் பட்டாளத்துப் பெட்டியில், பழைய கம்பளிக் கோட்டுக்குக் கீழே வைத்தாள். சாயங்காலம் ஜெயக்கொடி டைப் கிளாஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள், "தபால் வந்துச்சாம்மா?" "வர்லியே" என்றாள் சுலோசனா. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியவில்லை, யாரோ அவள் வாயைத் திறந்து சொன்ன மாதிரி வந்துவிட்டது. மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அதே வார்த்தை. மூன்றாம் நாள் சொல்லலாம் என்றால் இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே. நான்காம் நாள் என்றால் மூன்று நாள். அப்படியே ஏறிக்கொண்டே போயிற்று. ஒன்பதாம் நாள் பெண் பின்கட்டுக் குழாயடியில் நின்று ரொம்ப நேரம் முகம் கழுவினாள், தண்ணீர் நின்ற பிறகும் கழுவினாள். "கெடைக்கலன்னா போவட்டும் பாப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி தேற்றினார். சுலோசனா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அட பாவி, இப்படியும் ஒரு தாய் இருப்பாளா. இன்றைக்குத் தேதி பதினேழு. செவ்வாய்க்கிழமையாவது காட்பாடியில் ரயிலேறினால்தான் உண்டு.

இந்த மேட்னிக்கு இழுத்து வந்ததும் அவள் வேலைதான். முக்குச் சுவரில் ரத்தமும் நெருப்புமாக ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்ததுமே அந்தக் கோணல் புத்தி வேலை செய்தது. பெண் வந்து பார்க்கட்டும், கையும் காலும் போய்க் கதறுகிறவர்களைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவள் வாயாலேயே "நல்லவேளம்மா, எனக்குக் கெடைக்கல" என்று சொல்லட்டும். அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால் பெட்டியில் இருப்பது வெந்நீர் அடுப்புக்கு. திரையில் பீரங்கி வெடித்தது. கொட்டகையே அதிர்ந்தது. "இது கேக்குது!" என்றார் தணிகாசலம் ஆனந்தமாக. மலையெல்லாம் புகை, புகைக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்து விழுந்தார்கள், பெஞ்சில் ஒரு பொம்பளை "ஐயோ ஐயோ" என்று மாரில் அடித்துக்கொண்டாள், விழுந்தவன் ஒருவன் விழுந்த பிறகு மூக்கைச் சொறிந்தான், அதற்கு ஒரு சிரிப்பு. சுலோசனாவின் கண் திரையில் இருந்தது, மனசு அந்த எழுபத்தொன்றில் அவர்கள் இருந்த அம்பாலாவுக்குப் போய்விட்டது. இரண்டு அறை குவாட்டர்ஸ், வரிசையாக ஒரே மாதிரி கதவுகள். அவள் ஆறு மாசம். வீட்டில் கடிகாரம் கிடையாது, பிகில்தான் கடிகாரம். பட்டாளத்தில் ஊதுகிற பித்தளைக் குழலை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எழுந்திருக்க ஒரு பிகில், பரேடுக்கு ஒரு பிகில், சாப்பாட்டுக்கு ஒன்று, விளக்கணைக்க ஒன்று. சாப்பாட்டு பிகில் மட்டும் துள்ளிக் குதித்துக்கொண்டு வரும், குழந்தைகள் அதற்குச் சொந்தமாக வார்த்தை போட்டுப் பாடும். சண்டை வந்து ஆண்கள் மொத்தமாகக் கிளம்பிப் போன பிறகும் அது நிற்கவில்லை, மிச்சமிருந்த காவல்காரர்களுக்காக மத்தியானத்துக்கு மத்தியானம் பிகில்காரன் ஊதிக்கொண்டுதான் இருந்தான். ஊதினதும் இவள் தட்டு வைப்பாள். தனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவருடைய தட்டிலும் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் அதையும் தானே தின்பாள், வயிற்றில் பிள்ளை இருக்கிறதே, வீணாக்கக் கூடாது. பதினாலு நாள். யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. சொன்னால் கத்திச் சொல்ல வேண்டுமே. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு பிகில் ஊதிக்கொண்டிருக்கும்போதே தந்திக்காரன் சைக்கிள் வந்தது. மூன்று கதவு தாண்டி அவருடைய கூட்டாளி எத்திராஜ் வீட்டு வாசலில் நின்றது. எத்திராஜின் பெண்டாட்டி ருக்கு கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். அந்தப் பிகில் முடிகிற வரைக்கும் அவள் கரண்டியைக் கீழே போடவில்லை.

இடைவேளை விட்டு விளக்கு எரிந்தது. மூன்று வரிசைக்கு முன்னால் எழுந்து சோம்பல் முறிக்கிறது யார், தேவநேசனேதான். காக்கிச் சட்டை இல்லாமல் பூப்போட்ட சட்டையில் வந்ததால் இவ்வளவு நேரம் தெரியவில்லை. திரும்பினான், பார்த்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வருகிறான், ஐயையோ இங்கேதான் வருகிறான், கையில் கடலைப் பொட்டலம் வேறு. "பாப்பா, ஓடிப் போயி மூணு சோடா வாங்கினு வா" என்று ஜெயக்கொடியை எழுப்பினாள். "எனக்கு வேணாம்மா." "எனக்கு வேணும்டி, தொண்ட அடைக்குது!" அது பொய்யில்லை. பெண் அந்தப் பக்கம் நகர்ந்தாள், இவன் இந்தப் பக்கம் வந்து நின்றான். "இன்னா அவில்தாரே, பொண்ணு கெளம்ப எல்லாம் ரெடியா?" என்றான். தணிகாசலம், "ஆமா ஆமா, மொத பாதி பரவால்ல, பீரங்கிதான் பழசு" என்றார். கடவுளே, அந்தக் காதுக்கு முதல் தடவையாக ஒரு கும்பிடு போட்டாள் சுலோசனா. தேவநேசன் அவள் பக்கம் திரும்பி, "டிக்கெட் போட்டாச்சாக்கா?" என்றான். "போடணும்" என்றாள். "போடணுமா! நாளு இல்லியேக்கா" என்று அவன் நிஜமான கவலையோடு சொன்னான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கடலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். அவன் அதில் பாதியை அவள் கையில் கொட்டிவிட்டு, "பாப்பாகிட்ட சொல்லுங்க, மாமன் குடுத்ததுன்னு" என்று போனான். கை நிறையக் கடலை, தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. ஜெயக்கொடி சோடாவோடு வந்தாள். முகம் வாடித்தான் இருந்தது. வெளியே அவளோடு படித்த பெண் யாரோ கேட்டாளாம், எங்கே சேரப் போறே என்று. "இன்னா சொன்ன?" "இன்னாம்மா சொல்றது, எங்கயும் கெடைக்கலன்னு சொன்னேன்" என்றாள். சோடா மூக்கில் ஏறிச் சுலோசனாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், நல்லவேளை சோடா இருந்தது.

இரண்டாம் பாதியில் ஆஸ்பத்திரிக் கூடாரம் வந்தது. இதற்குத்தானே காத்திருந்தாள். குண்டடிபட்டவர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள், ஒருத்தன் அம்மா அம்மா என்று அலறினான், காலை அறுக்க ரம்பம் எடுத்தார்கள், கொட்டகையில் பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டார்கள். சுலோசனா ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். ஜெயக்கொடி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். பயந்தா? "எம்மா, கட்டு தப்பாப் போடுறாங்கம்மா. அப்பிடி இறுக்கினா ரத்தம் ஓடாதே" என்றாள், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். அவ்வளவுதான், போஸ்டர் முன்னால் போட்ட திட்டம் அங்கேயே கவிழ்ந்தது. அதற்குள் உதட்டுச் சாயம் பூசின நர்சு வந்து கதாநாயகன் நெற்றியில் கைவைத்தாள், உடனே இரண்டு பேரும் பனிமலையில் பாட்டுப் பாட ஓடினார்கள். "தோள்ல குண்டு இருக்குதுடா, தூக்கிகினு ஓடுறியே!" என்று பலராமன் கத்தினார். தணிகாசலம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்று சுலோசனாவுக்குத் தெரியும். சண்டையைப் பற்றி அவர் வீட்டில் சொன்னது ஒரே ஒரு கதை. குண்டு பக்கத்தில் வெடித்துக் காதிலிருந்து ரத்தம் கொட்டி லாரியில் போட்டுக் கொண்டுபோனபோது மலையாளத்து நர்சு ஒருத்தி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாளாம். "வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. ஆனா ராத்திரி பூரா எங்கைய வுடல அவ." அவ்வளவுதான் கதை. ஜெயக்கொடி ஆறு வயசிலிருந்து இதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுவாள், அந்த நர்சு பேர் என்ன நைனா, நீ ஏன் கேக்கல நைனா. காது கேட்காதவன் பேரை எப்படிக் கேட்பான் என்று மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்த நர்சுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாளே. எந்த ஊரோ, எந்த வீடோ, அவளும் இப்படி ஒரு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ. அந்த அம்மா லெட்டரை ஒளித்து வைத்திருந்தால்? நினைப்பு வந்த வேகத்தில் சுலோசனா அதைத் தள்ளிவிட்டாள், அது போகவில்லை. ஒளித்து வைத்திருந்தால் இவர் கையை யார் பிடித்திருப்பார்கள். சரி, வேறு யாராவது பிடித்திருப்பார்கள். யாராவது என்றால் யார், எல்லா அம்மாவும் இப்படி ஒளித்து வைத்தால் யார். ஐயோ, வாயை மூடு என்று தன் மனசுக்கே அதட்டல் போட்டாள். கடலை கைச்சூட்டில் நமுத்துப்போயிருந்தது.

பிறகு கதாநாயகனின் கூட்டாளி செத்தான். நல்ல பையன், முதலிலிருந்து சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தவன், அவன் சாவான் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் அழுதார்கள். பெஞ்சிலே மூக்குறிஞ்சல், சேரிலே மூக்குறிஞ்சல். கொடி போர்த்திய பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார்கள். அணைப்பேட்டைக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. திரையில் சாவு பிகில் ஊதினால் பட்டாளத்துக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து விறைப்பாக நிற்பார்கள். ஒருமுறை வெளியூர் ஆள் ஒருவன், மறைக்குது உக்காருய்யா என்று கத்தப்போய், டிக்கெட் கிழிக்கிறவரே அவனை வெளியே அழைத்துப்போய்ப் புரியவைத்துக் கூட்டிவந்தார். இப்போதும் இருட்டில் நாற்காலிகள் கிறீச்சிட்டன, முழங்கால்கள் மடக்கென்றன, எல்லாரும் எழத் தயாரானார்கள். திரையில் ஒருவன் குழலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினான். ஊதினான். டுட்டுட்டூ என்று துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தது அது. சுலோசனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாட்டு பிகில்! படம் எடுத்த புண்ணியவான் எங்கேயோ கிடைத்த பிகிலைக் கொண்டுவந்து சாவுக்குச் சேர்த்துவிட்டான். பாதி எழுந்த பட்டாளத்துக்காரர்கள் பாதியிலேயே நின்றார்கள், உட்காருவதா எழுவதா தெரியாமல் நாற்காலிக்கு மேலே அரை முழ உயரத்தில். பலராமன்தான் முதலில் ஆரம்பித்தார், "தட்டத் தூக்குங்கடா, சோறு வெந்துடுச்சி!" என்றார். பட்டாளத்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தார்கள், சாவு வீட்டில் சிரிக்கிறார்களே, என்ன ஜென்மங்களோ என்று. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரே ஒருத்தர் முழுசாக எழுந்து நின்றார். தணிகாசலம். குதிகால் சேர்ந்து, முஷ்டி தொடையோடு ஒட்டி, தாடை நிமிர்ந்து.

அவருக்குக் கேட்கவில்லை. டமாரென்றால்தான் கேட்கும், இந்தக் குழல் சத்தம் அவருக்கு எட்டாது. கண்ணுக்குத் தெரிந்தது பெட்டி, கொடி, கன்னத்தை உப்புகிற ஆள். எத்திராஜுக்கு ஊதினபோதும் அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அதற்கு முதல் நாள்தான் காது போயிருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வந்து நின்றவருக்குக் கூட்டாளிக்கு ஊதின பிகில் ஒரு துளி கேட்கவில்லை. "கன்னம் உப்புச்சி, எறங்கிச்சி, அத்தப் பாத்துகினு நின்னேன் சுலோ" என்று ஒரே ஒரு தடவை, காய்ச்சலில் பிதற்றுகிற மாதிரி சொன்னார். அதிலிருந்து எங்கே கன்னம் உப்பினாலும் எழுந்துவிடுவார். இப்போது இந்த ஊரே சிரிக்கிறது, சிரிப்பதும் அவருக்குக் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கலாம். கை நீண்டது. நீண்ட கை அப்படியே நின்றது. சாப்பாட்டு பிகில் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது, ருக்கு கரண்டியோடு வாசலில் நின்றாள், எதிர்த் தட்டில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே இந்தப் பிகிலுக்கு எழுந்து நிற்க வேண்டியவள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தானே என்று நினைத்தாள். கையிலிருந்த கடலையெல்லாம் சிதற எழுந்து அவர் பக்கத்தில் நின்றாள். பொம்பளை எழுந்து அந்தக் கொட்டகை பார்த்ததில்லை. ஜெயக்கொடி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், அவளும் எழுந்தாள். பலராமனின் சிரிப்பு நின்றது. "டேய், அவில்தாரு நிக்கிறாருடா" என்று மெல்லச் சொன்னார், அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒவ்வொன்றாக எல்லா நாற்காலியும். பட்டாளத்துக்காரர்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் நின்றார்கள், தரை டிக்கெட் பிள்ளைகள்கூட எழுந்து நின்றன. அணைப்பேட்டை ராஜேஸ்வரி டாக்கீஸ் முழுக்க, ஒரு சாப்பாட்டு பிகிலுக்கு.

ஊதி முடிந்தது. படத்திலும் சத்தமில்லாமல் தலைகுனிந்து நின்றார்கள், கொட்டகையில் மின்விசிறி மட்டும் கடகடத்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி சொல்லமாட்டாள், அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டி அவருடைய வலது காதில் சொன்னாள். "இன்னா?" என்றார். இன்னொரு தடவை சொன்னாள். "இன்னா சொல்ற, ஒண்ணும் கேக்கல!" சுலோசனா கண்ணை மூடிக்கொண்டாள். "பாப்பாவுக்குப் பூனாவுல எடம் கெடச்சிடுச்சி! லெட்டர் வந்து பதினோரு நாளாச்சி! நான்தான் ஒளிச்சி வச்சேன்!" என்று கத்தினாள். கத்தின பிறகுதான் கொட்டகை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பது உறைத்தது. "அக்கா, இன்னும் சொல்லலியா நீங்க?" என்று தேவநேசன் இருட்டிலிருந்து அலறினான். "எந்தத் தேதி?" என்றார் பலராமன். "இருபத்தொண்ணு!" என்று தேவநேசனே பதில் சொன்னான். அவ்வளவுதான், படம் போயிற்று. இந்தியாவின் எல்லா ரயிலிலும் நின்றுகொண்டே போய்வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், செவ்வாய்க்கிழமை காட்பாடியில் ஏறணும், இல்லை அரக்கோணம் போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், குண்டக்கல்லில் இறங்கிடாதே, பூனாவில் என் பங்காளி இருக்கிறான் என்று. தணிகாசலம் மட்டும் நின்றபடியே அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். "எங்க வச்ச?" என்றார். "உங்க பெட்டில. கோட்டுக்கு அடில." அவர் தலையை ஆட்டினார். "பெட்டியில பேரு மாத்தணும். வெள்ள பெயிண்டு வாங்கணும்" என்றார்.

இனி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை. திரும்பினாள். ஜெயக்கொடி அழவில்லை, சிரிக்கவும் இல்லை, திரை வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. "தெனமும் கேட்டனேம்மா. தெனமும் வர்லியேன்னு சொன்னியே." "ஆமாண்டி." "நான் பெயிலுன்னு நெனச்சிகினு அழுதேன்." "பாத்தேன். கொழாயடில." "பாத்துமா சொல்லல?" சுலோசனா தலையை ஆட்டினாள். "ஏம்மா?" என்றாள் பெண், இந்தத் தடவை சின்னக் குரலில். "உங்கப்பா சண்டைக்குப் போனப்ப தெனம் இந்தப் பிகிலு ஊதும்டி, நான் அவருக்கு ஒரு தட்டு வச்சிகினு உக்காந்திருப்பேன், வயித்துல நீ. பதினாலு நாளு. வருவாரா வரமாட்டாரா தெரியாது. இன்னொரு தட்டு வச்சிகினு உக்கார எனக்குத் தெம்பு இல்லடி. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல." பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இத்தனை பேர் ரயில் பேசிக்கொண்டிருந்த இரைச்சலில் சொல்லிவிட்டாள். ஜெயக்கொடிக்குக் கோபம் போய்விடவில்லை, அது இன்னும் இரண்டு நாளைக்கு இருக்கும், ரயிலேறுகிற வரைக்கும் இருந்தாலும் இருக்கும், அப்பனைப் போல அழுத்தக்காரி. ஆனால் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள், கடலை உப்பு ஒட்டிப் பிசுபிசுத்த கை, அதை விடவில்லை. "தட்டு வைம்மா" என்றாள். "வச்சிகினே இரு. நான் லீவுல வந்து எல்லாத்தையும் துன்னுட்றேன்."

சுலோசனா சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தணிகாசலம் இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சொல்றா அவ?" என்றார், தரை டிக்கெட் வரைக்கும் கேட்கும்படி.

சுலோசனா அவருடைய வலது காதுக்குக் குனிந்தாள். "பசிக்குதாம்!" என்று கத்தினாள்.